பச்சைக் கோடு இல்லாமல்

நவம்பர் 7, வெள்ளி

இது போன வருடத்து டைரி. உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது, ஒரு வரிகூட எழுதப்படாமல் பீரோவுக்கு மேலே கிடந்தது. அச்சடித்த கிழமைகள் பொருந்தவில்லை. அடித்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவின் குறட்டை சீரான பிறகுதான் போர்வைக்குள் டார்ச்சைப் போட முடிகிறது.

எழுதக் காரணம், இன்று ஒரு சவால் விட்டுவிட்டேன்.

லோகு அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரையும், மேசையில் திருகி வைத்த ஸ்டீரிங்கையும், கீழே மூன்று பெடல்களையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். கார் ரேஸ் விளையாட்டு. "விளையாட்டுன்னு சொல்லாதே, சிமுலேட்டர்னு சொல்லு" என்பான். சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா பால் கேனோடு சொசைட்டிக்குப் போனால் வர ஆறரை ஆகும். அந்த நேரம் என்னுடையது.

இன்று போனில் அவனிடம் பெருமையாகச் சொன்னேன், ஒரு சுற்றை இரண்டு நிமிடம் மூன்று நொடியில் முடித்துவிட்டேன் என்று.

"எல்லா உதவியும் போட்டுட்டா?"

"ஆமா."

சிரித்தான். "அது நீ ஓட்டலை புள்ள. வண்டி உன்னை ஓட்டுது."

அவன் சொன்னது உண்மைதான். சாலையில் ஒரு கோடு தெரியும். பச்சை என்றால் போ, மஞ்சள் என்றால் கால் எடு, சிவப்பு என்றால் பிரேக். பிரேக் பிடிக்க மறந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். சக்கரம் வழுக்கினால் அதுவே சரி செய்யும். அண்ணன் இதெல்லாம் இல்லாமல் ஓட்டுவான். மேசை ஓரத்தில் காம்பஸ் முனையால் கீறி வைத்திருக்கிறான்: 1:58.4.

"பொங்கலுக்குள்ள அதை நான் தாண்டறேன். எல்லா உதவியும் ஆஃப் பண்ணிட்டு" என்றேன்.

"தாண்டிட்டா செட்டு உனக்கு. இல்லேன்னா மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிருவேன். மொதல் வளைவுலயே செவுத்துல இருப்பே, பாரு."

பார்க்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

தானாகப் பிடிக்கும் பிரேக்கை முதலில் அணைத்தேன். முதல் வளைவிலேயே சுவர். இரண்டாவது முறையும் சுவர். பத்துத் தடவை.

கண்ணாடி உடையும் சத்தம் ஒவ்வொரு முறையும் கேட்கும்போது எனக்கு உள்ளங்கை நனைகிறது. திரையில் இருப்பது சுவர் இல்லை, படம் என்று தெரியும். தெரிந்தும் நடுங்குகிறேன். பதினாறு வயதில் படத்துக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சத்தத்தைக் குறைக்கவில்லை. நடுங்கிக்கொண்டே ஓட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் என் வேலைகள்: ஐந்தரைக்கு எழுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, வாசலில் இருக்கும் இரண்டு இரும்புக் கதவுகளையும் அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் கல் வைப்பது, அப்பாவின் வேன் முன்கண்ணாடியில் பனியைத் துடைப்பது. ஆறேகாலுக்குக் கிளம்புவோம். அப்பாவின் வேனில் பதினான்கு பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். சின்னராசு வேன் என்றால் தொண்டாமுத்தூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இருபத்தோரு வருடமாக ஒரு கீறல் இல்லை.

நான் முன் சீட்டு. இரண்டு வருடமாக அதுதான் என் இடம். "அப்பாவுக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டும்" என்று அம்மா உட்கார வைத்தது.

முதலில் ஏறுகிறவள் தன்ஷிகா, இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா கலாமணி அக்கா மில்லுக்கு முதல் ஷிப்ட் போக வேண்டும், அதனால் மகள்தான் எங்களுக்கு முதல் பயணி. என் சீட்டுக்குப் பின்னால் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். உட்கார் என்றால் உட்கார மாட்டாள்.

"அக்கா, நீங்க ஏன் பேசிட்டே வாரீங்க?"

"சும்மாதான்."

"அப்பா, மேடு. அப்பா, சைக்கிளு. அப்பா, லாரி வருது" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினாள். பிறகு கத்தினாள்: "மாமா, யானை!"

அப்பா சட்டென்று பிரேக் போட்டார். வேன் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். "போக்கிரி" என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

நான் சொல்வது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

நவம்பர் 19, புதன்

இன்று சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் உதவியை அணைத்தேன். இது இல்லாவிட்டால், பயந்து பிரேக்கை முழுதாக அமுக்கினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். தப்பிக்க ஒரே வழி, காலைக் கொஞ்சம் எடுப்பது. சுவர் நெருங்கி வரும்போது பிரேக்கை விட வேண்டும்! எந்தக் கால் அதற்குச் சம்மதிக்கும்?

என் கால் இருபத்து மூன்றாவது முறை சம்மதித்தது. வண்டி திரும்பியது. நான் தனியாக அறையில் கத்தினேன். மாடு பதில் சொன்னது.

நவம்பர் 26, புதன்

அப்பா மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னார். கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டாராம். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

படித்துச் சொன்னேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கோடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் அணைத்துவிட்டேன்.

வெறும் கறுப்புச் சாலை. எங்கே பிரேக் பிடிப்பது என்று சொல்ல யாரும் இல்லை. முதல் அரை மணி நேரம் சாலையில் ஓட்டியதைவிடப் புல்லில் ஓட்டியதுதான் அதிகம். பிறகுதான் புரிந்தது, அடையாளம் பிடிக்க வேண்டும். முதல் வளைவுக்கு ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பலகை. இரண்டாவதுக்குச் சாலையில் ஒட்டுப் போட்ட இடம். நான்காவதுக்கு ஒரு மரத்தின் நிழல் விழும் இடம். அதைத் தொட்டதும் கால் தானாகப் போக வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டேன். "நம்ம ரோட்டுல எங்க பிரேக் புடிக்கறதுன்னு எப்படிங்கப்பா தெரியும்?"

அவருக்கு இப்படி யாரும் கேட்டதே இல்லை போல. முகம் மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் மனப்பாடம் கண்ணு. பேக்கரி பல்பு வந்துச்சா, அதைத் தாண்டி ஏழு எண்ணுவேன். வாய்க்கால் பாலம். சத்தம் மாறும். மறுபடி நாலு. மேடு. கண்ணை மூடிட்டு ஓட்டுவேன் நானு."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவும் என்னைப் போலவே ஓட்டுகிறார். படுத்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது. ஏன் என்று எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

இன்று அரையாண்டுத் தேர்வு, வேதியியல். காலையில் பேருந்து நிறுத்தம்கூடத் தெரியாத பனி. நான் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். தன்ஷிகாவும் இன்னும் நான்கு பேரும் ஏறியிருந்தார்கள். வாய்க்கால் பாலத்துச் சத்தம் கேட்டது. நான் தலை நிமிரவில்லை, ஒரு சமன்பாடு மிச்சம் இருந்தது.

நிமிர்ந்தபோது தென்னை மட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர், விளக்கு இல்லாமல், சாலையில் பாதியை அடைத்து நின்றது. அப்பா அதை நோக்கி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

பிரேக்கை முழுதாக அமுக்கினார். பழைய வேன், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது, ஸ்டீரிங் திரும்பியும் வண்டி திரும்பவில்லை. "காலை எடுங்க! பிரேக்கை விடுங்கப்பா!" என்று கத்தியது நான்தான். ஏன் விட்டார் என்று தெரியவில்லை, விட்டார். வேன் வலது பக்கம் திரும்பியது. மட்டைகள் என் ஜன்னல் கண்ணாடியை உரசிக்கொண்டு போயின. மண்ணில் இறங்கி நின்றோம்.

தன்ஷிகா கம்பியில் மோதியிருந்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல் அவள் கையில் இருந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவள் அழவில்லை. பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதியியல் நன்றாக எழுதினேன்.

டிசம்பர் 11, வியாழன்

கலாமணி அக்கா நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "என்னங்கண்ணா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க அம்மணி" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க்கா. கறுப்பு நாய்" என்றேன்.

யாரும் நிறம் கேட்கவில்லை.

"நாயைக் காப்பாத்தப் போயித்தானா? பாவம், வாயில்லா ஜீவன். உங்க வேனுங்கறதாலதான் நான் நிம்மதியா ஷிப்டுக்குப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த பாலை வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 13, சனி

1:59.6. உதவி எதுவும் இல்லை. கோடு இல்லை. அண்ணனுக்கு ஒரு நொடி சொச்சம்தான் பின்னால்.

சந்தோஷம் வரவில்லை. வெள்ளைப் பலகை நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறது. மர நிழல் அசைவதே இல்லை. நூறு சுற்று ஓட்டினாலும் தென்னை மட்டை ஏற்றிய டிராக்டர் அங்கே வராது. அதனால்தான் மனப்பாடமாக ஓட்ட முடிகிறது.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பனியிலும் மங்கலிலும் கண் தெரியவில்லை. இரண்டு வருடமாக. சர்க்கரை. எதிரே விளக்கு வந்தால் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. அப்பாவின் வேனில் பச்சைக் கோடு நான். மஞ்சளும் நான், சிவப்பும் நான். புதன்கிழமை கோடு வேதியியல் படித்துக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன், மாட்டுத் தொழுவத்தில். "உங்களுக்குத் தெரியுமில்ல?"

சாணியை அள்ளிக்கொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டி ஓட்டாதீங்கம்பாங்க. அப்புறம் அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? வீட்டுல உக்காந்தா செத்துப் போயிருவாரு புள்ள."

"தன்ஷிகா?"

"அதான் முன்னாடி நீ இருக்கறயே கண்ணு. இன்னும் ஒரு ரெண்டு வருசம். கொஞ்சம் கவனமா இரு."

கவனமா இரு. என்னைத்தான் சொன்னாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

நாளை செய்யப்போகிறேன். எழுதிவைத்தால் பின்வாங்க முடியாது என்பதற்காக எழுதுகிறேன். டார்ச் ஆடுகிறது.

டிசம்பர் 15, திங்கள்

மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். வாசல் கதவுகளை அகலத் திறந்து கல் வைத்தேன். முன்கண்ணாடியைத் துடைத்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. புதன்கிழமையைப் போலவே பனி.

அப்பா ஏறி இன்ஜினைப் போட்டார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன்.

"அப்பா, இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க."

"என்ன கண்ணு?"

"மேடு, சைக்கிளு, லாரி எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே பார்த்து ஓட்டுங்க."

"வெளையாடாத அம்மணி. நேரமாவுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டு முற்றத்தில், ஒரு பிள்ளையும் ஏறாதபோதே சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வேன் அசைந்தால் சாவியைப் பிடுங்குவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

அவர் முதல் கியர் போட்டார். கிளட்ச் பாதி எழுந்தது. வேன் ஒருமுறை குலுங்கியது. அப்படியே நின்றது.

முன்னால் வெள்ளையாகப் பனி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை இரண்டும் ஸ்டீரிங்கில். கழுத்தை நீட்டிப் பார்த்தார். வைப்பரைப் போட்டார். நிறுத்தினார். என் வலது கால் பெடலே இல்லாத இடத்தில் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லு புள்ள" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

சொல்லவில்லை.

"உன்னை அறைஞ்சுருவேன்."

என்னை ஒருநாளும் அடித்ததில்லை அவர். சொல்லவில்லை. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். ஆறரை ஆனது. ஆறே முக்கால். போன் அடித்தது. கலாமணி அக்கா. அப்பா போனை எடுத்து, பார்த்து, என்னிடம் நீட்டினார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல். வண்டி ரிப்பேர் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

"ஏனுங்கண்ணா, வண்டி வரலீங்களா? எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது."

"அக்கா, நான் பேசறேனுங்க. வண்டி வராதுங்க. அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க. ரொம்ப நாளா." அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன். "அன்னைக்கு நாய் ஒண்ணும் வரலீங்க்கா. நான் பொய் சொன்னேன்."

அக்கா போனைத் துண்டித்துவிட்டார்.

அப்பா கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுவதுகூடக் கேட்டது.

டிசம்பர் 16, செவ்வாய்

மாட்டைத் தவிர யாரும் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அண்ணன் போனில் கத்தினான். "ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லியாச்சாமா? என்ற அப்பனைக் குருடன்னு பட்டம் கட்டிட்டே. எங்கிட்ட சொல்லியிருந்தா ஆகாதா?"

"உனக்குத் தெரியாதா?"

"அது..." என்று இழுத்தான்.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

"அம்மா சொல்லுச்சு. போன தீபாவளிக்கு."

"அப்ப நீயும் பச்சைக் கோட்டுலதான் ஓட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். புரிந்திருக்காது. பரவாயில்லை.

இன்று கண் ஆஸ்பத்திரி. அம்மா அழைத்துப் போனாள், அப்பா வாய் திறக்காமல் போனார். கண்ணுக்குள் ஊசி போட்டால் இதற்கு மேல் கெடாது, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். டாக்டரம்மா கேட்டாராம், "என்ன தொழில்?" அப்பா, "டிரைவருங்க" என்றாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அம்மா இதை என்னிடம் சொன்னாள். ஐந்து நாளில் முதல் பேச்சு.

டிசம்பர் 28, ஞாயிறு

பள்ளி திறந்ததும் ஆலாந்துறைக்காரர் துரைசாமி அண்ணன் நம் வேனை ஓட்டுவார். தேர்வு விடுமுறையில் சுற்று வழியைக் காட்ட இரண்டு முறை நானும் அம்மாவும் கூட்டிப் போனோம். அம்மா வேனில் ஆயாவாகப் போகிறாள். பதினான்கில் ஒன்பது பிள்ளைகள்தான் மிச்சம். ஐந்து வீட்டில் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்து, "இத்தனை நாளு எங்க புள்ளைக உசுரோட வெளையாடியிருக்கீங்க" என்றாராம். அவர் சொன்னது தப்பு என்று என்னால் எழுத முடியவில்லை.

நேற்று தன்ஷிகா வீட்டுக்குப் போனேன். கலாமணி அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். தன்ஷிகா உதட்டைத் தூக்கி ஈறில் புதுப்பல் முளைத்திருப்பதைக் காட்டினாள்.

"யானை வந்தாக்கூட அந்த மாமாவுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாது."

"அப்ப நான் கத்துனப்ப நெசமாவே பயந்துட்டாரா?" அவள் முகம் மாறிவிட்டது. "நான் சும்மாதான் சொன்னேன்."

திரும்பும்போது அக்கா சமையலறையிலிருந்தே சொன்னார்: "வேன் எத்தனை மணிக்குன்னு அம்மாவைக் கூப்புட்டுச் சொல்லச் சொல்லு."

ஒன்பது இல்லை. தன்ஷிகாவோடு பத்து.

ஜனவரி 4, ஞாயிறு

இப்போது ஒளித்து விளையாட வேண்டியதில்லை. அம்மாவே ஒருநாள் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து பார்த்தாள். "அந்தப் பச்சைக் கோட்டைப் போடுடி" என்றாள். போட மாட்டேன் என்றேன். புல்லிலேயே ஓட்டிவிட்டு எழுந்து போனாள்.

இன்று மத்தியானம் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்து, பின்னால் இருக்கும் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு நாள் முன்பு ஊசி போட்ட கண் சிவந்திருந்தது. திரையை அவரால் பார்க்க முடியாது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசவே இல்லை. இருபது நாள்.

நல்ல சுற்று அது. நான்காவது வளைவுவரை அண்ணனைவிட முன்னால் இருந்தேன்.

"அன்னைக்கு நான் ஏன் வண்டியை எடுக்கலைன்னு தெரியுமா?" என்றார் அப்பா.

என் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழப் பார்த்தது. தூக்கவில்லை. ஐந்தாவது வளைவைத் திருப்பினேன். "தெரியலீங்கப்பா."

"நீ சொன்னதுக்காக இல்ல. கோவத்துல நான் எடுத்துருப்பேன். எங்கியும் மனப்பாடமாப் போயிருவேன், ஆனா வாசல்லயே ஒண்ணும் தெரியல. இரும்புக் கதவு சாத்தியிருக்குதா, தொறந்திருக்குதான்னு தெரியல." நான் கியரைக் குறைத்தேன். "தெனமும் நீதான் தொறந்து வெப்பே. அன்னைக்குத் தொறந்தயா இல்லயான்னு உன்னைக் கேக்கோணும். கேக்க வாய் வரல."

கடைசி வளைவு. பிரேக். வால் பக்கம் லேசாக வழுக்கியது, பிடித்தேன், முடிவுக் கோட்டைக் கடந்தேன். 1:58.7.

"தொறந்துதாங்க இருந்துச்சு" என்றேன். "ரெண்டு கதவும்."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே போனார். நிலைப்படி வந்தது. நான் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவரே காலால் தடவிப் பார்த்துத் தாண்டினார்.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு விளக்கை அணைக்கிறேன். அன்று அவர் சொல்லு, சொல்லு என்று மிரட்டாமல், கதவு திறந்திருக்கா கண்ணு என்று சாதாரணமாகக் கேட்டிருந்தால், பழக்கத்தில் ஆமாங்க என்று சொல்லியிருப்பேன். வேன் போயிருக்கும். அதை நினைத்தால்தான் இன்னும் கை நடுங்குகிறது.

நடுங்கட்டும். நடுக்கத்தோடு ஓட்டத்தான் இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறேன். அண்ணன் எண்ணுக்கு இன்னும் பத்தில் மூன்று பங்கு நொடிதான் பாக்கி. பொங்கலுக்குப் பதினோரு நாள் இருக்கிறது.